டிரெண்ட் ஆற்றில் பார்பல் பிடிக்க எந்த பாய்லி வாங்குவது?

நாட்டிங்ஹாம் வந்து ஒரு வருடம் ஆகிறது, இந்த சீசனில் இங்கே ஓடுகிற டிரெண்ட் ஆற்றில் பார்பல் (கெண்டைக் குடும்பத்து ஆற்று மீன்) பிடிக்க ஆசை, ஆனால் கடைக்குப் போனால் சுவர் முழுக்க பாய்லி (மாவை உருட்டி வேகவைத்த தூண்டில் இரை) பாக்கெட், எதை எடுப்பதென்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக இதே ஆற்றங்கரையில் உட்காருகிறேன். முதலில் நேரடியான பதில்: மீன்தூளில் செய்த, பழுப்பு நிறத்தில் உள்ள, 15 மி.மீ. பாய்லியில் ஒரே ஒரு வகை வாங்குங்கள். அக்டோபர் முடிகிறவரை அதை மாற்றாதீர்கள்.

காரணத்தைச் சொல்ல என் ஊரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நான் பென்னாகரத்துக்காரன். ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரியில் மாமா கெண்டைக்குத் தூண்டில் போடுவார். ராகி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பார். பச்சை மாவை அப்படியே முள்ளில் குத்தினால் ஆற்று வேகத்தில் கரைந்துவிடும், மிச்சத்தைப் பொடி மீன்கள் கொத்தித் தீர்த்துவிடும். வெந்த உருண்டைக்கு மேலே தோல் கட்டிவிடும், உள்ளே மெதுவாக இருக்கும். பெரிய மீன் வரும்வரை அது தாங்கும். இங்கே முதன்முதலாக ஒரு பாய்லியைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தபோது, இது மாமாவின் களி உருண்டைதானே என்றுதான் தோன்றியது. ராகிக்குப் பதில் மீன்தூள், ரவை, சோயா மாவு. தண்ணீருக்குப் பதில் முட்டை. இங்கிலாந்தில் கார்ப் என்கிற கெண்டையைப் பிடிக்கிறவர்கள் கொண்டுவந்த பழக்கம் இது, ஆற்று ஆட்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஆக, பாய்லி என்பது ஆற்று வேகத்தையும் பொடி மீனையும் தாங்க வேண்டும், அதே சமயம் வாசனையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கல் மாதிரி இருந்தால் தாங்கும், எதையும் விடாது. மெத்தென்று இருந்தால் வாசனை கொட்டும், அரை மணியில் முள் வெறுமையாகிவிடும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் சுவையின் பெயரைவிட, உங்கள் ஆற்றில் இந்த இரண்டுக்கும் நடுவே அந்த பாய்லி எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான் எந்தப் புது பாக்கெட்டையும் இப்படிப் பார்க்காமல் ஆற்றுக்கு எடுத்துப் போவதில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஒரு பாய்லியைப் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல பாய்லியைச் சுற்றித் தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும், அடியில் மாவு மாதிரி மெல்லிய படிவு, மேலே பொட்டுப் பொட்டாக எண்ணெய். நான்கு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து நகத்தால் கீறுங்கள். மேல்தோல் இரண்டு மில்லிமீட்டர் ஊறி, வெளிறி, நகத்தோடு வழித்துக்கொண்டு வர வேண்டும். நடுப்பகுதி ரப்பர் மாதிரி உறுதியாகவே இருக்க வேண்டும். பாய்லி போட்டபடியே பளபளவென்று இருந்து, தண்ணீரும் தெளிவாக இருந்தால், அது எவ்வளவு மணந்தாலும் மணப்பது பாக்கெட்டுக்குள் மட்டும்தான். டம்ளரில் உடைந்து விழுந்தால் டிரெண்டுக்கு ஆகாது.

அப்புறம் மீனைப் பற்றி. பார்பலுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், உதட்டைச் சுற்றி நான்கு மீசை. சரளைக்கல்மேல் மூக்கை வைத்துக்கொண்டே மேயும். மீசையால் தடவி, ருசி பார்த்து, உறிஞ்சி எடுக்கும். வாயில் பல் கிடையாது, தொண்டையில் இருக்கும் பற்களால் நொறுக்கும். அதனால் இரை தரையில் கிடக்க வேண்டும். மிதக்கிற பாப்-அப் வகைகளுக்கு இங்கே வேலையில்லை, அவற்றை வாங்க வேண்டாம். கோடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும்போது பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் நிறங்களைப் பார்த்து மீன் ஒதுங்குவதைக் கண்டிருக்கிறேன். பழுப்பு நிறம் சரளையோடு சரளையாகக் கிடக்கும்.

மீன்தூள் ஏன்? கோடையில் தண்ணீர் 15 டிகிரிக்கு மேலே இருக்கும்போது எண்ணெய் நன்றாகப் பிரிந்து நீரோட்டத்தில் நீளமாகப் போகும், கீழே இருக்கிற மீன் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி வரும். பசியும் அப்போதுதான் அதிகம். பழம், க்ரீம் வாசனைகளிலும் மீன் விழும், மறுக்கவில்லை. ஆனால் ஹாலிபட் மீன், நண்டு, க்ரில் (கூனி இறால் மாதிரி), பச்சை உதட்டுச் சிப்பி சேர்ந்த பாய்லிகளில்தான் எனக்கு ஆண்டுக்காண்டு ஒரே சீராகக் கிடைத்திருக்கிறது. ஃப்ரீசரில் வைக்கும் பாய்லியா, வெளியே வைக்கும் பாய்லியா என்று குழம்ப வேண்டாம். மாதம் இரண்டு நாள் போகிறவருக்கு வெளியே வைப்பது போதும்.

குளிர்காலத்தில் கணக்கு மாறிவிடும். இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் ஜனவரியில், கோடையில் அள்ளிக் கொடுத்த அதே எண்ணெய் பாய்லியை அரைக் கிலோ, 5 டிகிரித் தண்ணீரில் வீசினேன். நான்கு மாலைகள், ஒரு கடி இல்லை. குளிர்ந்த தண்ணீரில் எண்ணெய் இறுகிப்போய் உருண்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மீனுக்கும் செரிமானம் மந்தம், கெண்டைக் குடும்பத்துக்கு இரைப்பையே கிடையாது, இரண்டு மூன்று உருண்டையில் வயிறு நிறைந்துவிடும். நான் வீசியது அத்தனையும் அங்கேயே கிடந்திருக்கும். பிப்ரவரியில் மழை பெய்து, பழுப்பாக வெள்ளம் ஏறி, தண்ணீர் 9 டிகிரிக்கு வந்த சாயங்காலம், காரமான 10 மி.மீ. பாய்லி ஒன்றே ஒன்றை, அதே மாவில் செய்த பசையைச் சுற்றிப் போட்டேன். இருபது நிமிடத்தில் தூண்டில் வளைந்தது. இப்போது குளிர்காலத்துக்கு எண்ணெய் குறைந்த, ராபின் ரெட் சேர்ந்த பாய்லிதான். லிங்கன்ஷையரில் ஹெய்த்ஸ் நிறுவனம் பறவைத் தீவனமாகச் செய்த சிவப்பு மிளகாய்க் கலவை அது. ஒரு சின்ன தெர்மாமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி என்பதைவிட, நேற்றைக்கு இன்று ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதுதான் பேசும்.

அளவு, வடிவம் பற்றி. குரோம்வெல் தடுப்பணைக்குக் கீழே கடல் ஓதம் ஏறி இறங்குகிற பகுதியில் நீரோட்டம் பலம், அங்கே 15 முதல் 18 மி.மீ. போடலாம். டவ் மாதிரிச் சின்ன துணையாறுகளில் 10 மி.மீ. போதும். உருண்டையான பாய்லியை அப்படியே வீசினால் கல்லில் உருண்டு எங்கேயோ போய்விடும். நான் கத்தியால் பாதியாக வெட்டித்தான் போடுவேன். தட்டையான பக்கம் தரையில் படிந்து நிற்கும், வெட்டின பக்கத்தில் தோல் இல்லாததால் வாசனையும் உடனே வெளியேறும். முள்ளுக்கும் அதேதான்: இரண்டு பாதிகளை முதுகோடு முதுகாக ஹேர் ரிக்கில், அதாவது முள்ளில் குத்தாமல் அதிலிருந்து தொங்கும் மெல்லிய நூலில், கோர்த்துவிடுவேன். (அந்த ரிக்கை 1980 வாக்கில் லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் கொண்டுவந்தபோது நிஜமாகவே தலைமுடியைத்தான் கட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.) இரைக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி விடுங்கள். தெற்கு இங்கிலாந்தின் கென்னட் ஆற்றுக்குப் போனால் மட்டும் கெட்டியான பாய்லி எடுங்கள், அங்கே சிக்னல் க்ரேஃபிஷ் என்கிற, இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணி மெத்தென்றதை நிமிடத்தில் அரித்துவிடும்.

ஒரே வகையை மாற்றாதீர்கள் என்றேன். பார்பல் கூட்டமாக ஒரே பள்ளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். போகும்போதெல்லாம் பதினைந்து இருபது பாதிகளை அதே இடத்தில் போட்டு வைத்தால், மூன்றாவது நான்காவது தடவை அதைச் சந்தேகப்படாமல் எடுக்கும். ஒவ்வொரு வாரமும் புது வாசனை போட்டால் ஒவ்வொரு வாரமும் முதல் வாரம்தான்.

ஆற்று சீசன் ஜூன் 16-ல் திறந்து மார்ச் 14-ல் முடிகிறது, மீன்பிடி உரிமம் கட்டாயம், கரைக்கு அனுமதி தனி. நம் ஆட்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியும் எனக்குத் தெரியும்: சாப்பிடலாமா? கூடாது. பெரிய பார்பலைத் திரும்ப ஆற்றில்தான் விட வேண்டும், அது சட்டம். அதன் சினை வேறு நஞ்சு.

திரும்ப விடுவதிலும் ஒரு வேலை இருக்கிறது. இந்த மீன் உயிரைக் கொடுத்து இழுக்கும், கரைக்கு வரும்போது மூச்சு போயிருக்கும். முதுகுத் துடுப்பின் முதல் முள் ரம்பம் மாதிரி இருப்பதால் வலையில் சிக்கினால் இழுக்காதீர்கள், வலைக் கண்ணை வெட்டி விடுங்கள். கொக்கியை எடுத்தபின், ஓடுகிற தண்ணீரில் வலைக்குள்ளேயே தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்துக்கொண்டிருங்கள். கோடையில் பத்து நிமிடம்கூட ஆகும். செவுள் சீராக அடிக்க ஆரம்பித்து, உங்கள் கையை ஒரு உதறு உதறும், அப்போது வலையைத் தாழ்த்துங்கள்.