துபாய்ப் பணமும் உள்ளூர்க் கோப்பையும்: செலவுக்கு வரம்பு போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்தில் எங்கள் கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடித் தடைக் காலத்தில் எழுவர் கால்பந்துத் தொடர் நடத்துகிறோம். எட்டு அணிகள். ஐந்தாறு வருடமாக இரண்டு அணிகளுக்கு மட்டும் வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. கேரளா, சென்னை என்று ஆட்டத்துக்கு இவ்வளவு எனப் பேசி ஆள் இறக்குகிறார்கள். போன வருட இறுதிப் போட்டியில் களத்தில் நின்ற 14 பேரில் 9 பேர் வெளியூர். மற்ற அணிகள் இந்த வருடம் பெயர் கொடுக்கவே தயங்குகின்றன. இங்கிலாந்தில் எவர்டன் என்ற அணிக்குச் செய்தது மாதிரி செலவுக்கு வரம்பு போட்டு, மீறினால் புள்ளியைக் கழிக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. இங்கே அது சரிவருமா? அங்கேயாவது அந்த விதி நியாயமாக இருக்கிறதா சார்? (தொடர்க் கமிட்டிச் செயலாளர்)

பதில்: வரம்பு வையுங்கள். ஆனால் ரூபாய்க்கு வைக்காதீர்கள், தலைக்கு வையுங்கள். ஏன் என்று சொல்வதற்கு இங்கிலாந்து வரை ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

அங்கே விதி எதற்காக வந்தது என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பணக்கார அணியையும் ஏழை அணியையும் சமமாக்க அது வரவில்லை. அணிகள் கடனில் மூழ்காமல் இருக்கத்தான் வந்தது. போர்ட்ஸ்மவுத் என்ற அணி 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. இரண்டே வருடத்தில், 2010இல், கடனைக் கட்ட முடியாமல் நிர்வாகம் வேறு கைக்குப் போய், 9 புள்ளிகளையும் இழந்து, அந்த நாட்டின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கியது. நம் பக்கம் சில சம்மாட்டிகளுக்கு, அதாவது படகு முதலாளிகளுக்கு, நடப்பதுதான். வியாபாரியிடம் முன்பணத்துக்கு மேல் முன்பணம் வாங்கிப் பெரிய இன்ஜின் போடுவார்கள். நாலு நாள் பாடு சரியில்லை என்றால் படகே வியாபாரி கைக்குப் போய்விடும். இதைத் தடுக்கத்தான் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ 2011இலிருந்து 'வரவுக்குத் தக்க செலவு' என்ற விதியைக் கொண்டுவந்தது. பிரீமியர் லீக் 2013இல் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டது: மூன்று வருடத்தில் மொத்த நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. கீழ் டிவிஷனில் இருந்த வருடங்களுக்கு இந்த வரம்பு இன்னும் குறையும்.

கடன் தடுப்பு என்று பார்த்தால் நல்ல விதி. போட்டியில் நியாயம் என்று பார்த்தால் கதை வேறு. விதியே வரவை வைத்துத்தான் செலவை அளக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் சுமார் 74,000 பேர் உட்காரலாம். அதே லீக்கில் ஆடும் போர்ன்மவுத் மைதானத்தில் 11,000 சொச்சம்தான். யூஇஎஃப்ஏ இப்போது, ஆட்டக்காரர் சம்பளம், அவர்களை வாங்கிய செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பிரீமியர் லீக்கும் 2026-27 பருவத்திலிருந்து அதே வழிக்கு வருகிறது, அங்கே 85 சதவீதம். சதவீதம் எல்லோருக்கும் ஒன்று, பணம் ஒன்றா? 'டீசல் செலவு போன வருட ஏலத் தொகையில் பாதிக்குள் இருக்க வேண்டும்' என்று விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் ஒரே விதி போட்டால் என்ன ஆகும்? வள்ளக்காரர் கடைசிவரை வள்ளக்காரராகத்தான் இருப்பார்.

செல்சியை 2003இலும் மான்செஸ்டர் சிட்டியை 2008இலும் பெரும் பணக்காரர்கள் வாங்கி, கொட்டிச் செலவழித்து மேலே கொண்டுவந்தார்கள். அப்போது இந்த விதி இல்லை. 2021இல் நியூகாசிலைச் சவூதி அரசின் முதலீட்டு நிதி வாங்கியபோது கதவு சாத்தியாகிவிட்டது. முதலாளியிடம் கடலளவு பணம், அணி செலவழிக்கக் கை கட்டியிருக்கிறது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், சவூதிப் பணத்துக்காகக் கண்ணீர் விட மாட்டேன். ஆனால் முன்னால் போனவனுக்கு ஒரு விதி, பின்னால் வந்தவனுக்கு வேறு விதி என்பதை மறைக்கவும் முடியாது. உங்கள் ஊரில் அந்த இரண்டு அணிகளும் இந்தப் பேச்சைத்தான் எடுக்கும். 'இத்தனை வருடம் மற்றவர்கள் உள்ளூர் ஒப்பந்ததாரரிடம் வாங்கினார்கள், அப்போது விதி எங்கே போனது?' என்று கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும்.

அடுத்தது கணக்கு. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். 10 கோடிக்கு ஒரு ஆட்டக்காரரை வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவு வருடத்துக்கு 2 கோடிதான். படகுக்குத் தேய்மானம் எழுதுகிற மாதிரி. ஆனால் ஆட்டக்காரரை விற்றால், புத்தகத்தில் மீதி இருக்கும் மதிப்பைக் கழித்தது போக லாபம் முழுக்க அந்த வருடமே வந்துவிடும். செல்சி என்ன செய்தது? எட்டரை வருடம் வரை நீண்ட ஒப்பந்தங்களாகப் போட்டது. வருடச் செலவு சுருங்கியது. 2023இல் யூஇஎஃப்ஏவும் பிறகு பிரீமியர் லீக்கும், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரித்து எழுதக் கூடாது என்று அந்த ஓட்டையை அடைத்தன. அப்புறம் செல்சி தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் சொந்தக் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று வரவு காட்டியது. இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு. அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி அது தப்பும் இல்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அணியே சிறு வயதிலிருந்து வளர்த்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். அவனை விற்றால் வருகிற தொகை முழுக்க லாபம். அதனால் கணக்கு இடிக்கும்போது அணிகள் முதலில் கை வைப்பது சொந்த ஊர்ப் பையன்கள் மேல்தான். 2024 கோடையில் நியூகாசில், தன் அகாடமியில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு விற்றது இந்தக் கணக்குக்காகத்தான். ஊர் அணியைக் காப்பாற்ற வந்த விதி ஊர்ப் பையனை வெளியே அனுப்புகிறது. உங்கள் விதியை எழுதும்போது இது ஒன்றை மறக்காதீர்கள்.

சரி, எவர்டன். மூன்று வருடத்தில் 12.45 கோடி பவுண்டு நஷ்டம், வரம்பைவிட 1.95 கோடி அதிகம் என்று 2023 நவம்பரில் 10 புள்ளிகளைக் கழித்தார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக்காக மேலும் 2 போனது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளி போனது. அவர்கள் சொன்ன நியாயம் சுவாரசியமானது. கணக்கு முடியும் ஜூன் 30க்குள் தங்கள் ஆட்டக்காரர் பிரென்னன் ஜான்சனை விற்றிருந்தால் நஷ்டம் குறைந்திருக்கும், ஆனால் விலை குறைவாகக் கிடைத்திருக்கும். இரண்டு மாதம் பொறுத்ததில் நல்ல விலைக்கு விற்றோம், அணிக்கு அதுதானே நல்லது என்றார்கள். விசாரணைக் குழு ஏற்கவில்லை. லெஸ்டர் விஷயம் இன்னும் வேடிக்கை. கணக்கு முடிகிற நாளில் அந்த அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கி, பிரீமியர் லீக்கில் உறுப்பினராகவே இல்லை, ஆகவே விசாரிக்க லீக்குக்கு அதிகாரம் இல்லை என்று 2024இல் மேல்முறையீட்டில் தப்பித்தது. விதியில் ஒரு வரி சரியாக எழுதாததன் விலை அது.

இதில் நீங்கள் பார்க்க வேண்டியது, தண்டனை எப்போது வந்தது என்பதை. ஆட்டம் முடிந்து, ஆள் இறங்கி, வருடம் கடந்தபின் வருகிறது. அதற்குள் அந்த அணியிடம் தோற்று டிவிஷன் இறங்கியவர்களுக்கு யார் திருப்பித் தருவது? ஸ்பெயின் வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வோர் அணியும் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை லீக்கே முன்கூட்டிச் சொல்லிவிடும். அதற்குள் அடங்காத ஆட்டக்காரரைப் பதிவு செய்யவே விடாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியைப் பார்சிலோனா வைத்துக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான். நம் துறைமுகத்து டோக்கன் மாதிரி. மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காவிட்டால் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கடலுக்குப் போய்வந்த பிறகு அபராதம் போடுவது வேறு, போகும்முன் டோக்கனைப் பிடித்து வைப்பது வேறு. உங்களுக்கு டோக்கன் வழிதான் பொருந்தும்.

ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே தொகை, 2025க்கு 120 கோடி ரூபாய், அது நியாயம்தானே என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். நியாயம்தான். அங்கே ஏலம் ஒரே இடத்தில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. ஒப்பந்தம் ஒவ்வொன்றும் வாரியத்தின் கையில் இருக்கிறது. உங்கள் தொடரில் பணம் எப்படிப் போகிறது? துபாயில் இருக்கும் மச்சான் அனுப்புகிறார், இங்கே யாரோ கையில் வாங்கி, பஸ் ஸ்டாண்டில் ஆட்டக்காரர் கையில் கொடுக்கிறார். ரசீது கிடையாது. 'பயணச் செலவு மட்டும்தான் கொடுத்தோம், நண்பர், அன்பில் வந்தார்' என்பார்கள். எப்படி மறுப்பீர்கள்? நான் சங்கக் கணக்குகளைப் பார்க்கப் போனால் முதலில் தேடுவது 'இதரச் செலவு' என்ற வரியைத்தான். பெரும்பாலும் அதுதான் பெரிய தொகையாக இருக்கும். ரூபாய்க்கு வரம்பு போட்டீர்களானால் உங்கள் ஊரில் எட்டு அணியின் செலவும் அந்த ஒரே வரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் களத்தில் நிற்கும் ஆளை மறைக்க முடியாது. ஆகவே பணத்தை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். ஒரு நேரத்தில் களத்தில் வெளியூர்க்காரர் இரண்டு பேர், பட்டியலில் மூன்று பேர். அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் கொடுத்து வேண்டுமானாலும் அந்த இருவரைக் கூட்டி வரட்டும். மலப்புரத்து எழுவர் ஆட்டத்தில் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள் இறங்குவதைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறதே, உங்கள் தொடருக்கும் அந்த இருவரால் கூட்டம் வரும். மீதி ஐந்து இடமும் ஊர்ப் பையன்களுக்கு.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? யார் ஊர்க்காரர் என்பதில். ஆதார் முகவரியை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள். உங்கள் ஊரில் பிறந்து பத்து வருடமாக ஷார்ஜாவில் வேலை பார்த்து, லீவுக்கு வந்து ஆடுகிறவனை வெளியூர் என்று சொன்னால் அவன் அம்மாவே கமிட்டி வாசலுக்கு வந்துவிடுவார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து படகில் கூலிக்கு வந்து மூன்று வருடமாக இங்கேயே குடியிருப்பவனும் ஊர்க்காரன்தான் என்பது என் கட்சி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ஊரில் பிறந்தவர், அல்லது உள்ளூர்ப் பள்ளியில் மூன்று வருடமாவது படித்தவர், அல்லது கடைசி இரண்டு வருடம் இங்கேயே குடியிருப்பவர். பெண் கொடுத்த வகையில் வந்த மாப்பிள்ளையைச் சேர்ப்பதா என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

பட்டியலைத் தொடர் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால் வாங்கி, மைதானத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுங்கள். ஆட்சேபம் சொல்ல மூன்று நாள். அதற்கப்புறம் பட்டியலில் இல்லாதவனுக்குக் களத்தில் இடம் இல்லை. பின்னால் புள்ளி கழிக்கும் தகராறே வராது. தப்பித்தவறி யாராவது புகுந்து ஆடிவிட்டால் அந்த ஆட்டம் எதிரணிக்கு 3-0. இதையும் முன்னாலேயே எழுதி வையுங்கள். எவர்டன் விவகாரம் இவ்வளவு நாறியதற்கு ஒரு காரணம், எந்த மீறலுக்கு எத்தனை புள்ளி என்று பிரீமியர் லீக் விதியில் அப்போது எழுதியே இருக்கவில்லை. விசாரணைக் குழு ஒரு எண் சொன்னது, மேல்முறையீட்டுக் குழு இன்னொரு எண் சொன்னது. உங்கள் தொடர் கால் இறுதியிலிருந்தே நாக்-அவுட் என்றால் புள்ளி என்ற பேச்சே இல்லை, அதையும் யோசியுங்கள்.

வளைகுடாப் பணத்தை விரட்ட வேண்டியதில்லை. திசை மாற்றினால் போதும். பிரீமியர் லீக் நஷ்டக் கணக்கில் மைதானம், சிறுவர் அகாடமி, பெண்கள் அணி இவற்றுக்குச் செய்த செலவைச் சேர்த்ததில்லை. அங்கே எனக்குப் பிடித்த ஒரே வரி அது. அந்த அணிகளிடம் இரவு ஆட்டத்துக்கு விளக்கு, 16 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு கோப்பை என்று கேளுங்கள், பெயர்ப் பலகை பெரிதாகவே வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்று, இங்கிலாந்தில் உள்நாட்டு டிவி பணத்தில் பாதியை எல்லா அணிக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். உங்களுக்கு வரும் ஸ்பான்சர் பணத்திலும் பாதியைப் பரிசுத்தொகையில் போடாமல் எட்டு அணிக்கும் ஜெர்சி, பந்து என்று பிரித்துக் கொடுங்கள். தடைக் காலத்தில் தொடர் நடத்துகிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். பையன்களுக்கு நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. இருநூறு ரூபாய் ஜெர்சிகூட அப்போது பாரம்தான்.

பிரீமியர் லீக்கில் விதியை மாற்ற 20 அணிகளில் 14 வேண்டும். நீங்கள் எட்டில் ஆறு என்று வையுங்கள். அந்த இரண்டு அணிகளையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் ஓட்டெடுங்கள். முதுகுக்குப் பின்னால் போட்ட விதி ஒரு சீசன் தாங்காது. ஆட்சேபங்களை விசாரிக்கும் மூவரில் எந்த அணிக்காரரும் இருக்கக் கூடாது. பக்கத்து ஊர் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள்.

எல்லாம் சேர்த்து விதித்தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எனக்கு அனுப்புங்கள், அடித்துச் சுருக்கித் தருகிறேன்.