நாய் குரைக்கிறது என்று கடிதம் வந்தால்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஊர் நீடாமங்கலம் பக்கம், மேற்கு சிட்னியில் வாடகை வீடு, வந்து எட்டு மாதம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது பக்கத்து வீட்டு அம்மா உங்கள் தபால் பெட்டியில் ஒரு கடிதம் போட்டிருக்கிறார்: பகல் முழுக்க நாய் குரைக்கிறது, நிற்கவில்லை என்றால் கவுன்சிலில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) சொல்வேன் என்று. "அக்கா, விசாவுக்கு ஏதாவது ஆகுமா, நாயைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா, இவர்கள் நம்மைப் பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அது கவுன்சில் மட்டத்தில் பேசித் தீர்க்கிற விஷயம், ஒரு கடிதத்துக்காக யாரும் உங்களை நாட்டைவிட்டு அனுப்பப் போவதில்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். மற்ற இரண்டு கேள்விக்கும்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நான் இதை மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தது, அறுவடை முடிகிறவரை இருக்கலாம் என்று தங்கிவிட்டேன். நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிறது, நமக்கு முன்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் குவியல் போட்டிருக்கிறார்கள், அதனால் அப்பா ராத்திரி அங்கேயே தார்ப்பாய் ஓரத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறார். நேற்று நானும் போனேன். கூடவே எங்கள் வீட்டு நாயும். நடு ராத்திரிக்கு மேல் அது எழுந்து வாய்க்கால் பக்கம் பார்த்து ஒரு பாட்டம் குரைத்தது. அப்பா படுத்தபடியே டார்ச்சை அந்தப் பக்கம் அடித்தார். மாடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றது. "ஒண்ணுமில்லடா, மாடுதான், படு" என்றார். அது ஒரு சுற்று சுற்றி அவர் காலடியிலேயே படுத்துவிட்டது. அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இருக்காது.

அதைப் பார்த்ததும் உங்கள் கேள்விதான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் நாய் எவ்வளவோ குரைக்கிறது, தெருவுக்குத் தெரு மாற்றி மாற்றிக் குரைக்கிறது, ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் யாராவது ஒருத்தர் "யாரது?" என்று எட்டிப் பார்க்கிறார். திண்ணையில் ஆள் இருக்கிறது, கொல்லையில் ஆள் இருக்கிறது, தெருவில் நாலு பேர் போகிறார்கள். நாய் சொன்னதை ஒருவர் கேட்டுக்கொண்டார் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே நீங்கள் காலை ஏழரைக்குப் பூட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் ஆறு வரை அது சொல்வதைக் கேட்க யாரும் இல்லை, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவைத் தவிர. உங்கள் நாயின் பகல் பொழுது எப்படிப் போகிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரை எதிராளியாக நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்களுக்கும் ஆஸ்திரேலியாவில் 2009இல் இதே நடந்தது. மணி என்று ஒரு நாய், கெல்பி கலப்பு. கெல்பி ஆடு மேய்க்கிற இனம், நாள் முழுக்க ஓடுவதற்கென்றே வளர்த்தெடுத்தது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு நம் வயலில் கிடை போட வருவார்களே, அந்தக் கிடை நாயைப் பிடித்து நாலு பக்கமும் தகர வேலி போட்ட கொல்லையில் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் நாங்கள் செய்தோம், தெரியாமல்தான் செய்தோம். பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து கடிதம் வந்தபோது என் வீட்டுக்காரருக்குக் கோபம். நாம் வெளியூர்க்காரர்கள் என்றுதானே இப்படி எழுதுகிறாள், எதிர் வீட்டு நாயும்தான் குரைக்கிறது என்று குதித்தார். நானும் இரண்டு மாதம் அந்த அம்மா முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிப் போனேன். அப்புறம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அன்று சாயங்காலம்தான் போய்க் கதவைத் தட்டினேன்.

அவர் மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். காலை எட்டு மணிக்கு வந்து படுக்கிறவர். எனக்கு அது தெரியவே தெரியாது, இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும். கவுன்சில் சொன்னபடி அவர் ஒரு குறிப்பேடு எழுதியிருந்தார், அதைச் சமையலறை மேடையில் விரித்துக் காட்டினார். 8.10 முதல் 8.55 வரை விடாமல். 11 மணிக்குத் தபால்காரர் பைக், பத்து நிமிடம். 3.20க்குப் பள்ளிப் பிள்ளைகள், அவர்கள் போகிறவரை. மழை பெய்த நாளில் ஒன்றுமே இல்லை. ஒரு இடத்தில் 'இன்று குரைக்கவில்லை, அழுதது' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த நாய் அழுததை எழுதி வைத்தது அவர்.

அதனால் தம்பி, இன்றைக்கோ நாளைக்கோ போய்க் கதவைத் தட்டுங்கள். பலகாரம் எல்லாம் பிறகு கொண்டு போகலாம், முதலில் ஒரு வார்த்தை. "கடிதத்துக்கு நன்றி, எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது, எந்த நேரத்தில் குரைக்கிறது என்று சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், குரைத்தால் உடனே மெசேஜ் போடச் சொல்லுங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாளை மறுநாளே சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஆறு வாரம் ஆகும், முயற்சி செய்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அங்குள்ளவர்களுக்கு நேராகச் சொன்னால் பிடிக்கும், சொன்ன நாளில் செய்யாவிட்டால் பிடிக்காது.

அவர் பேச மறுத்தாலும் பழைய போன் ஒன்றை ஜன்னலோரம் வைத்து இரண்டு மூன்று நாள் ஒலிப்பதிவு செய்யுங்கள். நேரம் தெரிந்துவிட்டால் காரணம் பாதி தெரிந்த மாதிரி. நீங்கள் கிளம்பின உடனே ஆரம்பித்து முக்கால் மணி நேரம் என்றால் அது பிரிவுப் பயம். வந்து போகிறவர்களைப் பார்த்து என்றால் அது காவல். ஒரே தாளத்தில் மணிக்கணக்காக என்றால் அலுப்பு. ராத்திரி வேலி மேல் பார்த்து என்றால் அநேகமாகப் பாஸம், நம் ஊர் மரநாய் மாதிரி ஒன்று, வேலி ஓரமாகவே நடந்து போகும், நாய்க்குப் பைத்தியம் பிடிக்கும்.

காவல் குரைப்புக்கு இடத்தை மாற்றினாலே போதும். மணியை முன்பக்கக் கேட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினோம், தெரு தெரியாமல் மூங்கில் தட்டி கட்டினோம், தபால்காரர் குரைப்பு அந்த வாரமே பாதியானது. அலுப்புக்கு நடைதான் மருந்து. வேலைக்குப் போவதற்கு முன் முக்கால் மணி நேரம், சோம்பல் படாமல், குளிர்காலத்திலும். மோப்பம் பிடிக்க விட்டு மெதுவாக நடத்துங்கள், மூக்குக்கு வேலை கொடுத்தால் ஓட்டத்தைவிடச் சீக்கிரம் களைத்துப் படுக்கும். கிளம்பும்போது உள்ளே குழியாக இருக்கிற ரப்பர் பொம்மையில் குழைந்த சோறும் உப்பில்லாத வேகவைத்த கோழியும் அடைத்து, முந்தின ராத்திரியே உறையவைத்துக் கொடுங்கள், நக்கித் தீர்க்க வெகுநேரம் ஆகும். நம் வீட்டுக் குழம்புச் சோற்றை மட்டும் வைக்காதீர்கள். ஊரில் வைத்துப் பழக்கம்தான், ஆனால் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம், திராட்சையும் அப்படியே, அதனால் பாயசம், கேசரி எதுவும் வேண்டாம்.

பிரிவுப் பயம்தான் கஷ்டமானது. காப்பகத்திலிருந்து வந்த நாய்க்கு அது இருக்க வாய்ப்பு அதிகம், ஒருமுறை விட்டுப் போனவர்கள் மறுபடி வரவே இல்லை என்பது அதன் அனுபவம். விடுமுறை நாளில் சாவியை எடுத்து வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்பி வாருங்கள். அப்புறம் மூன்று நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. அது பதறுவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். போகும்போது கொஞ்சிக் கொஞ்சி விடைபெறாதீர்கள், வந்ததும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுகுவது, சாப்பாட்டைத் தொடாமல் வைத்திருப்பது எல்லாம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்து உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குரைக்கும்போது "சும்மா இரு" என்று கத்துவதால் பலன் இல்லை. நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது நினைக்கும். என் அப்பா செய்த மாதிரி எழுந்து பாருங்கள், ஒரே வார்த்தையைச் சொல்லி அழையுங்கள், வாயை மூடிய நொடியில் ஒரு துண்டு கோழி கொடுங்கள்.

கழுத்துப் பட்டையில் மின்சாரம் பாய்ச்சுகிற சாதனத்தை யாராவது இணையத்தில் காட்டி வாங்கச் சொல்வார்கள். நீங்கள் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம், பயத்தில் அழுகிற ஒன்றுக்கு அடி கொடுத்து வாயை மூடவைப்பது பாவம்.

இன்னொன்று, உங்கள் அம்மா வந்து ஆறு மாதம் இருக்கப் போகிறார், நாயை வீட்டுக்குள் விடக்கூடாது என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மாமியாரும் அப்படித்தான். பூஜை அறை இருக்கிற வீட்டுக்குள் நாயா என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் போகாதபடி குறுக்கே ஒரு தடுப்பு வைத்து, துணி துவைக்கிற அறையில் மட்டும் ராத்திரி படுக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன், பாஸத்தைப் பார்த்துக் குரைத்தால் பக்கத்து வீட்டுப் பெண் தூங்க முடியாது என்றும் சொன்னேன். ஒரு தூங்காத பெண்ணைப் பற்றிச் சொன்னதும் மனசு இளகிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவருடைய பழைய சுங்குடிப் புடவை நாலாக மடித்து அங்கே விரித்திருக்கிறது. அப்புறம் மணிக்குப் பகலில் துணையாக இருந்ததே அவர்தான். வேலைக்குப் போகும்போது "பாத்துக்கடா" என்று நாங்கள் சொல்லிவிட்டுப் போவது அவரிடமா நாயிடமா என்று எங்களுக்கே தெரியாது. உங்கள் அம்மா வந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும், அவசரப்பட்டு நாயைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கும் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டு வளர்ப்பு விலங்குகள் சட்டம் இருக்கிறது. நாய் குரைக்கவே கூடாது என்று அதில் இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் அமைதியை நியாயமில்லாத அளவுக்குத் தொடர்ந்து கெடுத்தால்தான் தொல்லை. கவுன்சில் முதலில் விசாரிக்கும், நேரக் குறிப்புக் கேட்கும், அப்புறமும் தீராவிட்டால் தொல்லை ஆணை போடப் போகிறோம் என்று முன்னறிவிப்பு அனுப்பும். பதில் சொல்ல 7 நாள் உண்டு. அந்த 7 நாளைச் சும்மா விடாதீர்கள், என்னென்ன செய்தீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள், ஒலிப்பதிவு, பயிற்சி ரசீது, மருத்துவர் சீட்டு எல்லாம் வைத்திருங்கள். ஆணை வந்துவிட்டால் 6 மாதம் அமலில் இருக்கும், அதை மீறினால்தான் அபராதம். நாயின் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைத்த அடையாளச் சில்லு), பதிவு இரண்டிலும் உங்கள் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேறு மாநிலத்துக்கு மாறினால் அங்கே சட்டம் வேறு, மெல்போர்ன் நண்பர் சொல்வதை அப்படியே நம்பிச் செய்யாதீர்கள்.

வாடகை வீட்டில் நாய்க்கு அனுமதி வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்காவிட்டால் இப்போதே எழுத்தில் கேளுங்கள். 2025 மே 19 முதல் வந்த விதிப்படி வீட்டுக்காரர் 21 நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சம்மதம் என்றே கணக்கு, மறுப்பதற்கும் சட்டத்தில் சொன்ன காரணம் வேண்டும், வேலி போதாது என்பது மாதிரி. ஏஜெண்ட் காதுக்குப் புகார் போவதற்கு முன்னால் உங்கள் கடிதம் போயிருப்பது நல்லது.

நம்மைப் பிடிக்காமல் செய்கிறார்களா என்ற கேள்வி. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பட்டிருக்கிறது. ஆனால் பிடிக்காதவர் நேராகக் கவுன்சிலுக்குப் போயிருப்பார். இவர் முதலில் உங்களுக்கு எழுதியிருக்கிறார், பெயர் போட்டு, வீட்டு எண் போட்டு எழுதியிருக்கிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்த்து எழுதின கடிதம் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

எங்கள் நர்ஸ் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மணியைப் பகலில் அவரே நடத்திக்கொண்டு போனார். அது போய்ச் சேர்ந்தபோது அவர் தோட்டத்து ரோஜாவை வெட்டிக்கொண்டு வந்து, எங்களுக்கு முன்னால் அழ ஆரம்பித்தார்.

நீங்கள் போய்ப் பேசிவிட்டு, எந்தெந்த நேரம் குரைக்கிறது என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள். நெல் போட்டு முடிகிறவரை நான் இங்கேதான் இருப்பேன், ராத்திரி போன் கையில் இருக்கும்.