உங்கள் ஒழுங்கைக்கு இலக்கம் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் வீடு வலிகாமத்தில் ஒரு உள்ளொழுங்கையில் இருக்கிறது. 200 மீற்றர் வரும், பதினெட்டு வீடுகள். மாரியில் முழங்கால் அளவு வெள்ளம். பிரதேச சபைக்கு 2019 இல் ஒரு கடிதம், அதற்குப் பிறகு இன்னொரு கடிதம் கொடுத்தோம். நிதி இல்லை என்கிறார்கள். ஆனால் அடுத்த ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டாயிற்று. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் காசு தரத் தயார். வாங்கி நாங்களே போடலாமா? ஒழுங்கையின் கடைசியில் ஒருவர் பத்துப் பரப்புக் காணி வாங்கித் துண்டு துண்டாக விற்கப் போகிறார். அபிவிருத்தி வந்தால் சபையே றோட்டுப் போட்டுத் தரும் என்கிறார். உண்மையா?

பதில்: தங்கச்சி, பிரதேச சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒரு கேள்வியை உங்களிடமே திருப்பிக் கேட்கிறேன். உங்கள் ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா? இருந்தால் அதன் இலக்கம் என்ன, நீளம் அகலம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள்?

பலருக்கு இது தெரியாது. சபைக் கூட்டத்தில் உறுப்பினர் எழும்பிப் பேசினால் றோட்டு வரும் என்று நினைக்கிறார்கள். பேச்சு வேண்டியதுதான். ஆனால் பதிவேட்டில் இல்லாத ஒழுங்கைக்குச் சபை ஒரு ரூபா செலவழித்தாலும் கணக்காய்வில் கேள்வி வரும். செயலாளர் கையெழுத்து வைக்கப் பயப்படுவார், பயப்படவும் வேண்டும். அடுத்த ஒழுங்கைக்குப் போட்டு உங்களுக்குப் போடாததற்குக் காரணம் அரசியலாக இருக்கலாம், ஆனால் இலக்கம் இல்லாததாகவும் இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

வீதி யாருடையது என்பதை வைத்துத்தான் காசு எங்கிருந்து வரும் என்பது. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. மிச்சமுள்ள ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் தலையில். தோட்ட வெளிகளுக்குப் போகிற சில பாதைகளைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. இவை எதிலும் சேராத இன்னொரு வகையும் உண்டு, தனியார் ஒழுங்கை. உங்கள் காணி உறுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். எல்லை சொல்லும் இடத்தில் வீதி என்றோ ஒழுங்கை என்றோ மட்டும் இருந்தால் அது பொது வழியாக இருக்கக்கூடும். கிணறு, வழி வாய்க்கால் பங்கும் உரிமையும் என்று கூட்டுப் பங்காக எழுதியிருந்தால் அந்த நிலம் இன்னும் உங்கள் பதினெட்டு வீட்டாருக்கும் பொதுச் சொத்தாக இருக்கக்கூடும். அப்படியானால் எல்லோருமாகச் சேர்ந்து நன்கொடை உறுதி எழுதி ஒழுங்கையைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். சபை தீர்மானம் எடுத்துப் பொறுப்பேற்று இலக்கம் போடும். வெளிநாட்டில் இருக்கிற பங்காளிகளின் கையெழுத்துக்கு அற்றோணித் தத்துவம், அதாவது அவர்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், வேண்டிவரும். மாதக்கணக்கில் இழுபடுகிற வேலை இது, அதனால்தான் இன்றைக்கே தொடங்கச் சொல்கிறேன்.

சரி, இலக்கம் இருக்கிறது என்று வைப்போம். அப்போது சபை எந்தக் காசில் போடும்?

ஒன்று, சபையின் சொந்த வருமானம். சோலை வரி, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், காணி கைமாறும்போது வருகிற முத்திரைத் தீர்வை எல்லாம் இதற்குள் வரும். நல்ல சந்தை உள்ள சபைகள் கொஞ்சம் மூச்சு விடும், தீவுப் பக்கத்துச் சபைகள் திணறும். ஊழியர் சம்பளத்தில் பெரும்பகுதி அரசிடமிருந்து மாகாணம் வழியாக வருவதால்தான் பல சபைகள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. குப்பை லொறிக்கு டீசல், தெருவிளக்கு, நூலகம் எல்லாம் போக வீதிக்கு மிஞ்சுவது சிறு தொகைதான். 'நிதி இல்லை' என்ற பதில் பெரும்பாலும் பொய்யல்ல.

இரண்டாவது, மாகாணத்துக்கு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் வருகிற அபிவிருத்தி நன்கொடை. அலுவலகங்களில் பி.எஸ்.டி.ஜி. என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2018 ஒக்ரோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தபிறகு இதன் கடைசிச் சொல் ஆளுநர் பக்கம் இருக்கிறது. மூன்றாவது, நாடாளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. அது மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக வரும். கடைசியாக, வெளிநாட்டுக் கடனில் வருகிற பெரிய திட்டங்கள். 2010 இல் தொடங்கிய நெல்சிப் என்ற உள்ளூராட்சிச் சேவை மேம்பாட்டுத் திட்டம் உலக வங்கிக் கடனில் வந்தது. வடக்கு கிழக்குச் சபைகளுக்கு நேரடியாகக் காசு வந்து, ஊர்க்கூட்டம் வைத்துத் தெரிவுசெய்யப் பழகியது அந்தக் காலத்தில். அந்தப் பழக்கத்தைச் சபைகள் கைவிடாமல் இருந்திருக்கலாம் என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு.

இந்த நாலு வழிக்கும் பொதுவான ஒன்று மதிப்பீடு, அதாவது என்ன வேலை, எவ்வளவு செலவு என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் போடுகிற கணக்கு. பணம் திடீரென்று வரும், ஓகஸ்டில் வந்து டிசம்பருக்குள் முடி என்பார்கள். அப்போது யாருடைய ஒழுங்கைக்கு மதிப்பீடு தயாராகக் கோவையில் இருக்கிறதோ அதுதான் முந்தும். உங்கள் கடிதம் மட்டும் இருந்தால் அது கடிதமாகவே இருக்கும்.

தெரிவு எப்படி நடக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் செய்கிற சபை எத்தனை குடும்பம், பள்ளிக்கூடம் அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியா, வெள்ளம் நிற்கிறதா, கடைசியாக எந்த வருடம் வேலை நடந்தது என்று பார்த்து முன்னுரிமைப் பட்டியல் போடும். ஆனால் நான் வேலை செய்த காலத்தில் அதிகம் கண்டது, இருக்கிற காசை உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று சமனாகப் பிரிப்பதைத்தான். பார்க்க நியாயம் போலத் தெரியும். நடைமுறையில் ஒவ்வொரு வட்டாரத்திலும் நாற்பது, ஐம்பது மீற்றர் கொங்கிறீற் துண்டுகள் முளைக்கும். இரண்டு பக்கமும் குழி, நடுவில் மேடு. ஒரு வீதியை முழுமையாகச் செய்து அடுத்த வருடம் அடுத்ததைச் செய்வதுதான் பொதுப் பணத்துக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, வருடம் பிறக்குமுன் பாதீடு நிறைவேற வேண்டும். பாதீடு எவ்வளவு பாரமான விடயம் என்பதற்கு 2020 டிசம்பரில் யாழ்ப்பாணம் மாநகர சபையில் அது இரண்டு தடவை தோற்று முதல்வர் பதவியே போனதை நினைத்துப் பாருங்கள். ஆகவே உங்கள் கோரிக்கை ஓகஸ்ட், செப்டெம்பரில் சபைக்குள் இருக்க வேண்டும். கார்த்திகை வெள்ளத்தில் நின்று படம் எடுத்து அனுப்பும்போது அடுத்த வருடக் கணக்கு ஏறக்குறைய மூடியாயிற்று. படத்தை எடுங்கள், ஆனால் பத்திரப்படுத்தி அடுத்த ஆவணியில் கடிதத்தோடு இணையுங்கள். இன்னொன்று, 2019 இல் நீங்கள் எழுதியது 2018 இல் தெரிவான சபைக்கு. அதன் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களே நடத்தினார்கள். பழைய கடிதத்தை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். பிரதியை இணைத்துப் புதிதாக எழுதுங்கள்.

இனி வெளிநாட்டுக் காசு. நீங்களே போடலாமா என்றால், சபையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் போடக்கூடாது. வடிகாலைப் பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் பட்ட ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒரு கிராமத்தில், இருந்த காசுக்குள் நீளத்தைக் கூட்ட வேண்டும் என்று வடிகாலை விட்டுவிட்டு மதிப்பீடு போட்டேன். ஊரவர்கள் கெஞ்சினார்கள், நானும் இளகிவிட்டேன். கொங்கிறீற் பழைய மண் மட்டத்துக்கு மேலே அரையடி உயர்ந்தது. அந்த மாரியில் போய்ப் பார்த்தபோது ஒரு அம்மா தன் படலையடியில் மண்வெட்டியால் அணை கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, முந்தி வெள்ளம் றோட்டில நிண்டது, இப்ப குசினிக்குள்ள நிக்குது" என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த வருடம் புது றோட்டை வெட்டிக் குழாய் பதித்தோம்.

எங்கள் மண்ணில் தண்ணீரின் வழி கண்ணுக்குத் தெரியாது. நிலம் தட்டை, அடியில் சுண்ணாம்புக்கல். வலிகாமத்து வெள்ளத்தில் ஒரு பகுதி வழுக்கையாற்றில் இறங்கி அராலிப் பக்கம் கடலைச் சேர்கிறது. மிச்சம் குளங்களிலும் தரவைகளிலும் தங்கி நிலத்துக்குள் இறங்குகிறது, எங்கள் கிணறுகளில் ஊறுவது அந்தத் தண்ணீர்தான். ஒழுங்கை முழுவதையும் மதிலோடு மதில் கொங்கிறீற்றால் மூடினால் அது எங்கே போகும்? நடுவில் போட்டு, ஒரு பக்கம் மண் விளிம்பும் வாய்க்காலும் விடச் சொல்லிக் கேளுங்கள்.

அகலத்தையும் அளக்க வேண்டும். கிடுகு வேலி, பனையோலை வேலியாக இருந்த எல்லைகள் மதிலாக மாறும்போது ஒரு அடி, ஒன்றரை அடி ஒழுங்கைக்குள் வந்துவிடுகின்றன. பதிவேட்டில் பன்னிரண்டு அடி, நேரில் ஒன்பது அடி. வடிகாலுக்கு இடமில்லாமல் போவது இப்படித்தான். பதினெட்டு வீட்டாரும் இதைத் தங்களுக்குள் பேசித் தீர்க்காமல் சபைக்குப் போனால் உத்தியோகத்தர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

செலவு எவ்வளவு என்று விலை சொல்ல மாட்டேன், அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அளவு சொல்கிறேன். 200 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் கனம் என்றால் 90 கன மீற்றர் கொங்கிறீற், எங்கள் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 32 கியூப். 6 கன மீற்றர் கொள்ளும் கலவை லொறி 15 தடவை வர வேண்டும். அடியில் மக்கி பரப்பி இறுக்குவதும், மதகும், வடிகாலும் வேறு. இன்றைய விலையை விசாரித்துப் பெருக்கினால் பிள்ளைகளிடம் எவ்வளவு கேட்பது என்று தெரியும்.

அந்தக் காசை ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு எடுக்காதீர்கள். உங்கள் சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ பதிவு புதுப்பித்து இயங்கினால் அதன் வங்கிக் கணக்குக்கு வரட்டும். அல்லது இந்த ஒழுங்கைக்கென்று குறிப்பிட்டுச் சபை நிதிக்குக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. வடிகாலையும் மதகையும் சபை செய்யட்டும், மேற்பரப்பை ஊரவர் காசில் செய்யுங்கள், மதிப்பீடும் மேற்பார்வையும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தருடையதாக இருக்கட்டும். தெரிவுக் கூட்டத்தில் பாதிச் செலவு ஏற்கெனவே கையில் இருக்கிற வேலை எப்போதும் மேலே வரும். ஆனால் இதே காரணத்தால் வெளிநாட்டில் யாரும் இல்லாத ஒழுங்கைகள் பின்னால் தள்ளப்படக் கூடாது. அதைச் சபை உறுப்பினர்கள் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

காணி விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். காணியைப் பிரிக்கச் சபையின் அனுமதி வேண்டும். துண்டுகளுக்குப் போகிற உள்வீதியையும் அதன் வடிகாலையும் தன் செலவில் அமைப்பது அவர் கடமை. வீதியின் அகலத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கின்றன. அவர் ஒரு வாதம் வைப்பார்: தன் விற்பனையால் சபைக்கு வருமானம் வருகிறதே என்று. வருவது உண்மை. ஒரு துண்டின் பெறுமதி 30 இலட்சம் என்று வைத்தால், முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதமாக 1,19,000 ரூபா முத்திரைத் தீர்வை. பத்துப் பரப்பில் உள்வீதி போக ஒன்பது துண்டு தேறும் என்று வைத்தால் 10,71,000 ரூபா. அது மாகாணத்துக்குப் போய்ச் சபைக்குத் திரும்பும். ஆனால் அதைக் கட்டுபவர்கள் காணி வாங்குகிறவர்கள், விற்பவர் அல்ல. அந்தக் காசு முழுப் பிரதேசத்துக்கும் உரியது. அதில் ஒரு தனியாருடைய காணியின் விலையைக் கூட்டிக்கொடுப்பது பொதுப் பணத்தில் செய்கிற சலுகை, அதற்குச் சபை உடன்படக்கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது, அனுமதி கொடுக்குமுன் சபைக்கு எழுதுவது. ஒன்பது புது வீட்டின் வெள்ளமும், கட்டும் காலத்தில் மணல் லொறிகளும் உங்கள் ஒழுங்கையால்தான் வரும். அவருடைய வடிகால் எங்கே போய் விழுகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள், உடைகிற இடத்தைத் திருத்துவதை நிபந்தனையாக்கக் கேளுங்கள். அனுமதி கொடுத்தபிறகு கேட்டால் பதில் வராது.

சபையில் வாய்ப்பேச்சில் மறுமொழி கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்றே மூன்று விடயம் கேளுங்கள்: வீதிப் பதிவேட்டில் உங்கள் ஒழுங்கையின் பதிவு, அடுத்த ஒழுங்கையைத் தெரிவுசெய்த தீர்மானத்தின் பிரதி, இந்த வருட வீதி வேலைகளின் முன்னுரிமைப் பட்டியல்.

அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடா ஒன்றோடு பதினெட்டு வீட்டாரும் ஒழுங்கையில் இறங்குங்கள். பத்து மீற்றருக்கு ஒரு தடவை அகலத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒழுங்கையில் வயது கூடியவர் யாரோ அவரைக் கதிரை போட்டு இருத்தி, அந்தக் காலத்தில் மதகு எங்கே இருந்தது, வெள்ளம் எந்த வளவுக்குள்ளால் எந்தக் குளத்துக்குப் போனது என்று கேட்டுக் குறியுங்கள். அந்தக் கொப்பியின் பிரதியையும் உங்கள் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.