பேஜ்ஃபைல அழிச்சா ஸ்பீடு கூடுமா?

கேள்வி: லேப்டாப்ல 8 ஜிபி ரேம் தான் சார். சி டிரைவ்ல ‘பேஜ்ஃபைல் டாட் சிஸ்’னு ஒரு ஃபைல் 12 ஜிபிய பிடிச்சிட்டு உட்காந்திருக்கு. அதை ஆஃப் பண்ணா ஸ்பீடு கூடும்னு ஒரு வீடியோல சொல்றாங்க, பண்ணலாமா?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: பண்ணாதீங்க தம்பி. ரேம்ல இடம் பத்தாதப்ப ரொம்ப நேரமா தொடாத பக்கங்கள, அதாவது மெமரிய வெட்டி வச்ச துண்டுகள, ஒவ்வொண்ணும் 4 கேபி, விண்டோஸ் அந்த ஃபைல்ல கொண்டுபோய் வைக்கும், மறுபடி தேவைப்பட்டா எடுத்துட்டு வரும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பலருக்கும் தெரியாதது இன்னொண்ணு. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ் போய் மெமரிய கிளிக் பண்ணுங்க, ‘கமிட்டட்’னு போட்டு 9.6/19.8 மாதிரி ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் புரோகிராமெல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வச்சிருக்கிற மெமரி, ரெண்டாவது விண்டோஸ் மொத்தமா எவ்ளோ தரலாம்ங்கற எல்லை, அது ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த கணக்கு. வாங்குன மெமரிய அந்த புரோகிராம் இன்னும் தொடவே இல்லைன்னாலும் கணக்குல ஏறிடும், ரிசர்வேஷன் பண்ணிட்டு ஏறாத ஆளு மாதிரி, சீட்டு காலியா தான் இருக்கும் ஆனா உங்களுக்கு டிக்கெட் கிடைக்காது. பேஜ்ஃபைல ஆஃப் பண்ணா எல்லை 8க்குள்ள வந்துடும், அப்புறம் ரேம் காலியா இருக்குன்னு காட்டும்போதே பிரவுசர் டேப் செத்து விழும். லினக்ஸ் இதுல கொஞ்சம் தாராளம், கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துட்டு, சமாளிக்க முடியலன்னா ஒரு புரோகிராம புடிச்சு கொன்னுடும், அதுக்குன்னே ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர்னு ஒண்ணு வச்சிருக்காங்க!

வீடியோக்காரர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ரேம்ல இருந்து எடுக்க சுமார் 100 நானோசெகண்ட், பழைய ஹார்டு டிஸ்க்ல 10 மில்லிசெகண்ட், லட்சம் மடங்கு. பக்கத்த மாத்தி மாத்தி தூக்கிட்டே இருந்தா மவுஸ் கூட நகராது, அதுக்கு பேரு த்ராஷிங், மருந்து ரேம் வாங்கறது தான். 1962ல மான்செஸ்டர் யுனிவர்சிட்டில டாம் கில்பர்ன் டீம் அட்லஸ் கம்ப்யூட்டர்ல 16கே கோர் மெமரியையும் (அந்தக் கால ரேம்) 96கே டிரம்மையும் (சுத்தற காந்த உருளை, அந்தக் கால டிஸ்க் மாதிரி) சேர்த்து புரோகிராமருக்கு ஒரே மெமரியா காட்டினாங்களே, அன்னிக்கும் காரணம் இதே தான், மெமரி விலை.

கேள்வி: போன் விளம்பரத்துல 8+8, மொத்தம் 16 ஜிபி ரேம்ங்கறாங்களே?
- இல்லத்தரசி, மதுரை

பதில்: ரெண்டாவது 8 ஸ்டோரேஜ்ல இருந்து ஒதுக்குனதும்மா, ரேம் இல்ல. 8 ஜிபி போன்னு நினைச்சு விலை பேசுங்க.

கேள்வி: ஆபீஸ் சர்வர்ல ரேம் பத்தல. நெட்ல ஸ்டோரேஜ் வாடகைக்கு தர்ற அமேசான் எஸ்3ல இடம் மலிவா கிடைக்குது, அதை டிரைவா மவுண்ட் பண்ணி ஸ்வாப் (லினக்ஸ்ல பேஜ்ஃபைலுக்கு பேரு) வச்சா?
- டெவலப்பர், சென்னை

பதில்: மவுண்ட் ஆகும், உருப்படாது. எஸ்3 2006ல வந்ததுல இருந்தே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ், அதாவது ஒவ்வொரு ஃபைலையும் முழு பொட்டலமா வைக்கிற இடம், சாதாரண வகைல உள்ள இருக்கிற ஒரு பைட்ட மட்டும் மாத்த வழியில்ல, முழு ஆப்ஜெக்ட்டையும் திரும்ப எழுதணும். ஸ்வாப்புக்கு வேண்டியதோ இங்க 4 கேபி அங்க 4 கேபின்னு ஓயாம எழுதறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க் தாண்டிப் போய், ரிக்வெஸ்டுக்கு தனியா பில்லோட. அங்க தெரியற ஃபோல்டர் கூட நிஜ ஃபோல்டர் இல்ல, பேர்ல இருக்கிற சாய்வுக்கோடு தான். பேக்கப், போட்டோ, பழைய லாகுக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. ரேமுக்கு சர்வர் சைஸ கூட்டச் சொல்லுங்க, மேனேஜர் முனகுவார், முனகட்டும்.