வெளியே நிற்கச் சொன்னீர்களே, அவரிடம் கேளுங்கள்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினேன். விற்றவருக்குப் பழைய கார் வியாபாரம்தான் தொழில். "ஒரே கை ஓட்டிய வண்டி, நல்ல கண்டிஷன்" என்றார். என் மனைவி, "எங்கேயாவது அடிபட்ட வண்டியா, சர்வீஸ் பேப்பர் இருக்கா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சங்கடமாகி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்கச் சொன்னேன். போன மாதம் பிரேக் பார்க்க விட்டபோது, முன்பக்கம் பலமாக மோதி, வெட்டி வெல்டிங் வைத்த வண்டி என்று மெக்கானிக் சொன்னார். வியாபாரியைக் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். ஒரு சிறு தொகை தருகிறேன், இத்தோடு விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வண்டியை வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சரியாகப் பார்க்காமல் வாங்கியது என் தவறுதான். நஷ்ட ஈடு கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பொய் சொல்லி விற்றவர் அந்தப் பொய்க்கு விலை கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

"பார்த்துத்தானே வாங்கினீங்க" என்ற பேச்சை வீடு விற்றவரும் சொல்கிறார், மெஷின் விற்றவரும் சொல்கிறார். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அதைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. அதற்கான பதிலை இங்கிலாந்து நீதிமன்றம் 1881-லேயே சொல்லிவிட்டது. ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் என்ற வழக்கு அது. ஒரு வழக்கறிஞர் தன் தொழிலில் பங்கு கொடுத்து, வீட்டையும் விற்கிறார். தொழில் வருமானத்தை மட்டும் கூட்டிச் சொல்லிவிடுகிறார். கணக்குக் காகிதங்கள் வாங்குபவரின் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தன. அவர் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். இருந்தாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அவருக்கு உரிமை உண்டு என்றுதான் தீர்ப்பு வந்தது. நம்பும்படி சொல்லிவிட்டு, 'ஏன் நம்பினாய்' என்று கேட்கும் வாய்ப்பு விற்றவருக்கு இல்லை.

சட்டம் இவ்வளவு போதும் என்று முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அரைப்புள்ளி போட்டு நகர்ந்துவிட்ட ஓர் இடத்தை என்னால் கடக்க முடியவில்லை.

உங்கள் மனைவி கேட்டார். அடிபட்ட வண்டியா என்று கேட்டார், பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். நீங்கள் அவரை வெளியே அனுப்பினீர்கள். வியாபாரி என்ன பதில் சொன்னார் என்று எழுதவே இல்லை. நினைவில்லையா, அல்லது நீங்கள் அந்தப் பதிலைக் காதில் வாங்கவே இல்லையா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கவனம் வியாபாரியின் முகம் கோணாமல் இருக்கிறதா என்பதில் இருந்திருக்கும்.

அந்தக் கேள்வியின் மதிப்பு என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். விற்பவர் ஒரு குறையைச் சொல்லாமல் இருந்தது மட்டும்தான் என்றால் வழக்கு சிக்கலாகிவிடும். வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்ற பழைய கொள்கை இன்னும் பல இடங்களில் செத்துப்போகவில்லை. 'நல்ல கண்டிஷன்' என்றது வெறும் அபிப்பிராயம், வியாபாரப் பேச்சு என்று அவர் நழுவிக்கொள்வார். நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பொய் சொன்னால் அப்படி நழுவ இடமில்லை. "அடிபட்டதா?" "இல்லை." இது அபிப்பிராயம் இல்லை, உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய தகவல். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்கள் வழக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர் உங்கள் மனைவி. சாட்சியும் அவரே.

சங்கடமாகிவிட்டது என்கிறீர்கள். யார் முன்னால் சங்கடம்? இனி வாழ்நாளில் பார்க்கப்போகாத ஒரு வியாபாரி முன்னால். வீட்டுக்கு வாங்கும் பொருளைப் பற்றி வீட்டுக்காரம்மா கேள்வி கேட்டால் கௌரவம் போய்விடும் என்ற நினைப்பு ஆண்கள் பலருக்கு இருக்கிறது. இந்த மாதிரி வியாபாரிகளுக்கும் அது நன்றாகத் தெரியும். கேள்வி கேட்கும் மனைவியைக் கணவரே அடக்கிவிட்டால் வியாபாரியின் வேலை பாதி முடிந்தது. பிள்ளை ஏறி உட்காரப்போகிற வண்டி என்று யோசித்துக் கேட்டவர் அங்கே ஒருவர்தான். அவரைத்தான் நீங்கள் வாசலுக்கு அனுப்பினீர்கள்.

அப்புறம், 'வீட்டில் இன்னும் சொல்லவில்லை.' இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மோதி, வெட்டி ஒட்டிய வண்டி என்று ஒரு மாதமாக உங்களுக்குத் தெரியும். காரின் முன்பகுதி, மோதும்போது தான் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அதைக் கண்டபடி வெட்டி வெல்டிங் வைத்தால், அடுத்த மோதலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றினார்களா, வெறும் மூடியைப் போட்டு மூடினார்களா என்பதையும் பிரித்துச் சோதித்தால்தான் நம்பலாம். அதில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் ஓட்டுகிறீர்கள். குறையை மறைத்து வண்டியைத் தந்தார் என்று வியாபாரி மேல் புகார் சொல்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு அதே வண்டியில் அதே குறையை இந்த ஒரு மாதமாக மறைப்பது யார்?

இன்றோடு வண்டியை நிறுத்துங்கள். உயிருக்காகத்தான் முதலில் சொல்கிறேன். வழக்குக்கும் அதுதான் நல்லது. 1958-ல், அதே இங்கிலாந்தில், லாங் எதிர் லாய்ட் என்ற வழக்கு. பிரமாதமான நிலையில் இருக்கிறது என்று சொல்லி விற்ற லாரி, முதல் பயணத்திலேயே பல்லிளித்தது. வாங்கியவர் முறையிட்டார். பழுதான டைனமோவுக்குப் பாதிச் செலவு தருகிறேன் என்று விற்றவர் சொன்னதும், சரி என்று ஒத்துக்கொண்டு லாரியை மறுபடியும் நெடும்பயணத்துக்கு அனுப்பினார். அதுவும் வழியில் நின்றுபோனது. வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்டபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது: குறை தெரிந்த பிறகும் பயன்படுத்தியதால் அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே ஆகிறது. உங்கள் நிலைமையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறை தெரிந்த பிறகும் ஓட்டுகிறீர்கள், சிறு தொகையைப் பற்றி யோசிக்கிறீர்கள். மனைவிக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் ஓட்டிய ஒவ்வொரு நாளும் வியாபாரிக்கு லாபமாகிக்கொண்டிருக்கிறது.

முழுப் பணம் கேட்கும் வழி அடைபட்டால்கூட எல்லாம் போய்விடவில்லை. அடிபடாத வண்டிக்குக் கொடுத்த விலைக்கும், இந்த வண்டியின் உண்மையான மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். சோதனைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். விற்றவர் தொழில்முறை வியாபாரி என்பது உங்களுக்குப் பலம். இன்னொரு இங்கிலாந்து வழக்கில், பென்ட்லி கார் ஒன்று எஞ்சின் மாற்றியபின் 20,000 மைல்தான் ஓடியது என்று டீலர் சொல்லி விற்றார். உண்மையில் ஒரு லட்சம் மைல் வாக்கில் ஓடியிருந்தது. உண்மையைக் கண்டுபிடிக்கும் வசதி டீலருக்குத்தான் இருந்தது, அதனால் பொறுப்பும் அவருடையதே என்று 1965-ல் தீர்ப்பானது.

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். தள்ளிப்போடாமல் உங்கள் பகுதி நுகர்வோர் அமைப்பிலோ வழக்கறிஞரிடமோ விசாரியுங்கள். பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள், வெட்டி ஒட்டிய இடம் அப்படியே இருக்கட்டும். மெக்கானிக்கிடம் தேதி போட்டு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், படமும் எடுக்கச் சொல்லுங்கள். விளம்பரம், குறுஞ்செய்தி எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்' என்று ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். தெரிந்தே சொன்ன பொய்க்கு அப்படிப்பட்ட வரி பொதுவாகக் கவசமாகாது.

இதற்கெல்லாம் முன்னால், இன்று இரவே மனைவியிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், அதை அவரிடம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். பிறகு அன்று அவர் கேட்டது என்ன, வியாபாரி சொன்னது என்ன என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, சொன்ன வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கும் பதில் கிடைக்கவில்லை என்றால், இல்லாததை எழுத வேண்டாம். வியாபாரி மழுப்பியதை மழுப்பியதாகவே எழுதுங்கள். வியாபாரிக்குப் போகிற கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தச் சிறு தொகையை வாங்குவதா வேண்டாமா என்பதை, அவர் நீட்டும் காகிதத்தை உங்கள் மனைவி முழுக்கப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.