முதலில் அந்த டூல் பாக்ஸை மீட்டுக்கொண்டு வாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில், ஓஹியோ மாநிலம் டேட்டனில் இருக்கிறேன். என் மாமனார் (அமெரிக்கர்) போன மாதம் 91 வயதில் காலமானார். 38 வருடம் டூல் அண்ட் டை மேக்கராக (தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகளையும், டை எனப்படும் அச்சுகளையும் செய்கிறவர்) இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்று, நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 150 விமானம் வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை நினைவுக்கூட்டம். அதில் வாசிக்க நான்தான் எழுத வேண்டுமாம். அவர் புயலில் சிக்கித் தப்பித்த கதையை எழுதச் சொல்கிறார் கொழுந்தனார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார் நாத்தனார். கணவர் வாயே திறப்பதில்லை. எனக்கும் நேரமில்லை, வீட்டை ஒழித்து கராஜ் சேல் போட்டு, அவருடைய மர டூல் பாக்ஸைக்கூட 250 டாலருக்குக் கொடுத்தாயிற்று. மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: புயல் கிடக்கட்டும் அம்மா. டூல் பாக்ஸை விற்றீர்களா?

கணவன் செத்து ஒரு மாதம் ஆகவில்லை, அவர் கைபட்ட பெட்டியை யாரோ காரில் ஏற்றுவதை ஒரு கிழவி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள், அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எனக்கும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குக்கூடச் சந்தனம் வைக்கிற ஊரிலிருந்து போனவர்தானே நீங்கள்?

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று யாராவது பார்த்தீர்களா? அந்தத் தொழிலில் நுணுக்கமாக அளக்கிற மைக்ரோமீட்டரைக்கூடத் தொழிலாளியே தன் காசில் வாங்கிக்கொள்வார். ஒரு இன்ச்சை ஆயிரமாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு பிசகினாலும் டை வீணாகும் வேலை. அப்ரென்டிஸாக இருந்தபோது தானே செய்த சின்ன கிளாம்ப், உருண்டைக் கம்பியை உருளாமல் வைக்கிற வீ-பிளாக், அதில் குத்திய தன் பெயரின் முதல் எழுத்துகள், இவையெல்லாம் ஃபெல்ட் துணி போட்ட அந்த இழுப்பறைகளில் இருந்திருக்கும். 250 டாலர்!

நீங்கள் இருப்பதும் டேட்டன். 1903 டிசம்பர் 17-ல் பறந்த ரைட் சகோதரர்களின் சொந்த ஊர். அந்த விமானத்துக்கு இன்ஜின் செய்தது அவர்களின் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், கைக்கருவிகள், ஆறு வாரம், அவ்வளவுதான். துண்டுத்தாளில் கிறுக்கியதுதான் டிராயிங். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு உருக்குத் துண்டில் கோடு போட்டு, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளையிட்டு, வேண்டாததை உளியால் தட்டி எடுத்துவிட்டு, மீதியை லேத்தில் கடைந்தார். 12 குதிரைசக்தி. பறந்தவர்கள் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். டெய்லரோ கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்தார், விஷயம் தெரிந்து விமானத் துறைக்காரர்கள் பணம் திரட்டினார்கள், 1956-ல் போய்ச் சேர்ந்தார். பறந்தவரைக் கொண்டாடிவிட்டுப் பட்டறைக்காரரை மறப்பதைத்தான் உங்கள் வீட்டில் நீங்களும் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஓட்டினவருக்கு நினைவுக்கூட்டம், திங்கள் முதல் வெள்ளி வரை நின்று கால் வீங்கினவருக்குக் கராஜ் சேல்.

விமானம் ஓட்டியது பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்ரோலுக்கும் இரண்டு சீட் விமானத்தில் கால் பங்குக்கும் ஓவர்டைம் பார்த்துக் காசு கொடுத்தவர் பட்டறைக்காரர். பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அவர்தான். அதனால் முதல் பத்தியில் பட்டறை வரட்டும், விமானம் பின்னால் வரலாம். அவரோடு வேலை பார்த்தவர் ஒருவராவது உயிரோடு இருப்பார், தேடிப் பிடித்து மாமனார் என்ன டை செய்தார், எதற்குக் கோபப்பட்டார் என்று கேளுங்கள்.

அப்புறம் அவருடைய பைலட் லாக்புக். (அதையும் விற்றுவிடவில்லையே?) தேதி, விமானம், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம், குறிப்பு என்று வரிசையாக இருக்கும். அந்த நாட்டில் பிரைவேட் லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 40-ஐ அவர் எத்தனை மாதத்தில் சேர்த்தார் என்று எண்ணிப் பாருங்கள், வீட்டில் அப்போது எவ்வளவு பணம் புரண்டது என்பது தெரிந்துவிடும். புயல் அதில் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் கொழுந்தனார் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளட்டும்.

எழுதியதை முதலில் மாமியாரிடம் வாசியுங்கள். அவர் வெட்டச் சொல்வதை வெட்டுங்கள், அதில் பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. உங்கள் கணவர் பேசாமல் இருப்பதை நான் துக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளமாட்டேன். அப்பாவின் பெட்டி போனபோது அவரும் அங்கேதானே இருந்திருப்பார்? பெட்டியைத் தேடும் வேலையை அவர் தலையில் போடுங்கள். கராஜ் சேலில் அந்த மாதிரிப் பெட்டியை வாங்குகிறவர் பெரும்பாலும் இன்னொரு மெஷினிஸ்ட்தான், விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். செஸ்னாவில் அவருடைய கால் பங்கை எப்படியும் விற்கத்தானே போகிறீர்கள், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.