ஊர்ந்து செல்ல ஒரு கியர்

கேள்வி: காய்கறி நாற்று நடும் கருவிக்கு, எங்கள் பழைய டிராக்டரின் முதல் கியர் வேகமே அதிகம். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஓட்டலாமா?

பதில்: கூடாது. கிளட்ச் தட்டு உரசிச் சூடேறி விரைவில் தேய்ந்துவிடும். எஞ்சின் சுழற்சியைக் குறைத்தாலோ, நிமிடத்துக்கு 540 சுற்று சுழல வேண்டிய பி.டி.ஓ. தண்டும் (எஞ்சின் விசையை இணைத்த கருவிக்குக் கடத்தும் தண்டு) சேர்ந்தே தளரும் என்பதால், அதில் இயங்கும் கருவிகளுக்கு அந்த வழியும் உதவாது. எஞ்சின் தன் வேகத்திலேயே ஓட, சக்கரம் மட்டும் மணிக்கு 1 கிலோமீட்டருக்கும் குறைவாக நகர வேண்டுமானால், வேகத்தை மேலும் குறைக்கும் பற்சக்கரத் தொகுதியான ‘கிரீப்பர்’ கியரைப் பொருத்துவதே முறை. உங்கள் மாடலுக்கென்றே தயாரித்தது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பட்டறை ஒட்டுவேலையை நான் பரிந்துரைக்கமாட்டேன். வேகம் குறையக் குறையச் சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை பெருகுவதால், அந்தக் கியரில் கலப்பை போன்ற பெருஞ்சுமையை இழுத்தால் பின் அச்சின் பற்சக்கரங்கள் உடையக்கூடும். நாற்று நடவுக்கு அந்த அச்சம் இல்லை.